இலையும் பசியும்: தமிழ் நூல்களில் உணவை வாசித்தல்

உணவும் உண்ணுதலும் தமிழ் இலக்கியத்தின் மிகப் பழைய பாடுபொருள்களுள் அடங்கும். சங்க கால ஆற்றுப்படைகள் தொடங்கி இருபத்தோராம் நூற்றாண்டுச் சிறுகதைகள் வரை சோறும் குழம்பும் பழமும் பலகாரமும் இடைவிடாமல் வருகின்றன. இவற்றை வாசிப்போரில் பலர் பண்டங்களின் பெயர்களோடு நின்றுவிடுகின்றனர். எந்த நூலில் எந்த அரிசி, எந்த நிலத்தில் எந்தக் கறி என்னும் பட்டியல் பயனுள்ளதே. ஆனால் இந்நூல்களின் சுவை பட்டியலோடு முடிவதில்லை. இலையில் இருப்பது என்ன என்று பார்ப்பதோடு, அதன் முன் அமர்ந்திருப்பவர் யார், சமைத்தவர் யார், இடம் கிடைக்காமல் போனவர் யார் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டால் நூலின் ஆழம் புலப்படும். இக்கட்டுரை தமிழின் சில முக்கியமான உணவுப் பகுதிகளை அக்கேள்விகளின் வழியே மதிப்பிடுகிறது.

பிள்ளையார்பட்டியும் பறம்பும்

சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் இடையே உள்ள பிள்ளையார்பட்டி, கற்பக விநாயகர் குடைவரைக் கோயிலால் அறியப்பட்ட ஊர். விநாயகர் சதுர்த்தியன்று இங்கு முக்குறுணி மோதகம் படைப்பது வழக்கம். குறுணி என்பது பழைய முகத்தல் அளவை. மூன்று குறுணி அரிசியைக் கொண்டு செய்யும் அந்த ஒற்றைக் கொழுக்கட்டையைத் தனி ஒருவர் உண்ண இயலாது. உடைத்துப் பலருக்கும் பங்கிட்டால்தான் அது உணவாகும்.

பிள்ளையாரையும் உணவையும் இணைத்துப் பாடுவது தமிழில் நெடுநாள் மரபு. ஔவையாரின் நல்வழிக் கடவுள் வாழ்த்து பால், தேன், வெல்லப் பாகு, பருப்பு என்ற நான்கைக் கொடுத்து முத்தமிழைக் கேட்கிறது. அருணகிரிநாதரின் திருப்புகழ் ஒன்று கரும்பு, அவரை, எள், பொரி, அவல், பயறு, பிட்டு, கடலை என்று விநாயகருக்குரிய படையலை நீளமாக அடுக்குகிறது. இவற்றுள் அரண்மனைக்கு மட்டும் உரிய பண்டம் எதுவும் இல்லை. வயலிலும் சாதாரண வீட்டின் அடுக்களையிலும் கிடைப்பவையே கடவுளின் உணவாகின்றன.

இதே மாவட்டத்தில் உள்ள பிரான்மலை, பாரி ஆண்ட பறம்பு மலையாகக் கருதப்படுகிறது. மூவேந்தரும் பறம்பை முற்றுகையிட்டபோது கபிலர் பாடியது புறநானூற்றின் 109ஆம் பாடல். உழவர் உழாமலே விளையும் நான்கு உணவுகள் அம்மலையில் உண்டு என்கிறார் அவர். அவை மூங்கில் அரிசி, பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். பள்ளிப் பாடங்களில் இது மலைவளம் கூறும் பாடலாகவே கற்பிக்கப்படுவதுண்டு. பாடப்பட்ட சூழலை நினைவில் கொண்டால் வேறொரு பொருளும் கிடைக்கும். முற்றுகை என்பது உள்ளே இருப்பவரைப் பட்டினியால் பணியவைக்கும் போர்முறை. பறம்பில் அது பலிக்காது என்பதே கபிலர் வேந்தருக்குச் சொல்லும் செய்தி. ஓர் உணவுப் பட்டியல் இங்கே போர்க்களத்து விடையாக நிற்கிறது.

ஆற்றுப்படைகளில் பசியும் விருந்தும்

சங்க நூல்களில் உணவு மிகுதியாக இடம்பெறுவது ஆற்றுப்படைகளில். பரிசு பெற்று வரும் கலைஞர், வறுமையில் வாடும் மற்றொரு கலைஞரை வள்ளலிடம் வழிப்படுத்துவது இவற்றின் அமைப்பு. எனவே பசி இவ்வகை நூல்களின் தொடக்கத்திலேயே இருக்கிறது.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, வழியில் உள்ள ஒவ்வொரு குடியும் பாணருக்குத் தரும் உணவைச் சொல்கிறது. எயினர் வீட்டில் புல்லரிசிச் சோறும் உணங்கல் இறைச்சியும், உழவர் வீட்டில் வெண்சோறும் கோழிப் பொரியலும், அந்தணர் வீட்டில் சோற்றோடு வெண்ணெயில் வெந்த மாதுளங்காயும் மாங்காய் ஊறுகாயும் கிடைக்கின்றன. நிலத்தையும் தொழிலையும் உணவால் அடையாளம் காட்டும் இப்பகுதி சமூக வரலாற்றுக்குப் பெருஞ்செல்வம்.

முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படையில் கரிகாலனின் விருந்து வருகிறது. பொருநர் நாள்தோறும் இறைச்சி தின்று, கொல்லை உழுத கொழுப்போலப் பற்கள் மழுங்கிப்போகின்றனர். விருந்தின் மிகுதியைச் சொல்ல உழவுக் கருவியையே உவமையாக எடுத்ததில் மெல்லிய நகைச்சுவையும் உண்டு.

ஆயினும் உணவுப் பாடல் என்ற வகையில் இவ்விரண்டையும் விட ஆழமானது நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை. இதில் விருந்துக்கு முன் பசி முழுமையாகக் காட்டப்படுகிறது. இடிந்த அடுக்களையில் அண்மையில் ஈன்ற நாய் கிடக்கிறது. அதன் மடியில் பால் இல்லை. வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் கண்டு பழிப்பார்களே என்ற நாணத்தால் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு அதைப் பகிர்ந்து உண்கின்றனர். உப்பு வாங்கவும் வகையில்லாத வீட்டில் மானமும் பகிர்தலும் மிஞ்சியிருக்கின்றன.

பின்னர் நல்லியக்கோடனின் மனையில் சமையல் நூல் முறை தவறாமல் ஆக்கிய பலவகை உணவு பொற்கலத்தில் பரிமாறப்படும்போது, அதன் சுவையை அந்த உப்பில்லாக் கீரையே கூட்டுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் உணவின் பரப்பு பெரிது. சிறுபாணாற்றுப்படையில் பசியும் விருந்தும் ஒரே கண்ணால் பார்க்கப்படுவதால் நெஞ்சில் தங்கும் ஆற்றல் அதற்கு அதிகம்.

சமைத்தவரின் முகம்

சமைத்தவரைக் கவனிக்கும் பாடல்களில் குறுந்தொகையின் 167ஆம் பாடலுக்குத் தனி இடம் உண்டு. கூடலூர் கிழார் பாடியது. புதிதாக மணமான பெண் கட்டித்தயிரை விரலால் பிசைகிறாள். அந்தக் கையை ஆடையில் துடைத்துக்கொள்கிறாள். தாளிக்கும் புகை கண்ணில் படுகிறது. அவளே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று சொல்லி உண்ண, அவள் முகம் மிக நுட்பமாக மலர்கிறது. மகளின் இல்லறத்தைப் பார்த்துவந்த செவிலி நற்றாயிடம் சொல்வதாகப் பாடல் அமைந்துள்ளது.

குழம்பின் சுவையைப் பற்றிக் கணவன் சொல்வது ஒரு சொல் மட்டுமே. மற்ற வரிகள் எல்லாம் சமைத்தவளின் விரல், ஆடை, கண், முகம் ஆகியவற்றைப் பற்றியவை. உண்பவரின் நாக்கை விட்டுச் சமைப்பவரின் உடலைப் பார்க்கும் இக்கோணம் பிற்கால உணவு எழுத்துகளிலும் எளிதில் காணக் கிடைப்பதில்லை.

திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரமும் முகத்தைப் பற்றியே பேசுகிறது. அனிச்சம் முகர்ந்தால் வாடும், விருந்தினர் முகம் மாறி நோக்கினாலே வாடிவிடுவர் என்கிறார் வள்ளுவர். குறுந்தொகையில் உண்பவரின் சொல்லால் சமைத்தவரின் முகம் மலர்கிறது. குறளில் படைப்பவரின் முகத்தால் உண்பவர் வாடுகிறார். இரண்டையும் அடுத்தடுத்து வாசிப்பது மாணவர்களுக்கு நல்ல பயிற்சி.

மணிமேகலையும் பசித்தவர் இல்லாத உலகமும்

உணவையே காப்பியத்தின் நடுப்பொருளாக்கிய நூல் மணிமேகலை. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி, மணிபல்லவத்தின் கோமுகிப் பொய்கையிலிருந்து மணிமேகலையின் கைக்கு வருகிறது. ஆதிரை அதில் முதல் பிச்சையிடுகிறாள். யானைத்தீ என்னும் தீராப் பசியால் வருந்திய காயசண்டிகைக்கு அந்தப் பாத்திரத்தின் உணவு நிறைவு தருகிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறுகிறது. உணவு கொடுத்தவரே உயிர் கொடுத்தவர் என்ற கருத்து புறநானூற்றில் முன்பே உள்ளது. சாத்தனார் அதைக் கதையாக வளர்த்தெடுத்தார்.

பள்ளிப் பாடங்களில் பெரும்பாலும் இடம்பெறாத பகுதி, அப்பாத்திரத்தை முன்பு வைத்திருந்த ஆபுத்திரனின் கதை. மதுரையில் கலைக்கோயிலில் தங்கியிருந்த ஆபுத்திரனுக்குச் சிந்தாதேவி அமுதசுரபியைத் தருகிறாள். அவன் வந்தவர்க்கெல்லாம் உணவளிக்கிறான். இந்திரன் வரம் தருவதாக வரும்போது அவனைப் பொருட்படுத்தாமல் சிரிக்கிறான். சினந்த இந்திரன் எங்கும் மழை பொழியச் செய்து நாட்டில் பசியே இல்லாமல் செய்துவிடுகிறான். உண்ண வருபவர் யாரும் இல்லை. ஊர் ஊராகத் தேடியும் பசித்தவர் கிடைக்கவில்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறிய ஆபுத்திரன் இடையில் மணிபல்லவத்தில் தனித்து விடப்படுகிறான். பலர்க்கு ஊட்டும் பாத்திரத்தை வைத்துக்கொண்டு தான் ஒருவன் மட்டும் உண்பதா என்று எண்ணி, அதைப் பொய்கையில் விட்டு உண்ணாமல் உயிர் துறக்கிறான்.

பசி தீர்ந்த நாட்டில் அறம் செய்பவன் வேலையற்றுப் போவது இக்கதையின் கூர்மையான முரண். கொடுப்பவருக்குப் பெறுபவர் தேவைப்படுகிறார் என்ற சங்கடமான உண்மையைச் சாத்தனார் மறைக்கவில்லை. கொடையைப் புகழும் நூலே கொடையை ஐயத்தோடும் பார்க்கிறது. மணிமேகலையை வெறும் அறவுரை நூல் என்று ஒதுக்குவோர் இப்பகுதியை வாசித்தல் வேண்டும்.

ஔவையாரின் இரு விருந்துகள்

ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல்களில் இரண்டைச் சேர்த்து வாசிக்கலாம். ஒன்று புல்வேளூர்ப் பூதன் இட்ட உணவைப் பற்றியது. வரகரிசிச் சோறு, கத்திரிக்காய் வதக்கல், புளித்த மோர் ஆகியவையே அங்குக் கிடைத்தவை. அன்போடு இட்ட அந்த உணவு உலகம் முழுவதும் பெறும் என்று பாடல் புகழ்கிறது. மற்றொன்று பாண்டியன் வீட்டுத் திருமணத்தைப் பற்றியது. கூட்டத்தில் நெருக்கப்பட்டதையும் தள்ளப்பட்டதையும் 'உண்டேன்' என்ற வினையை வைத்தே சொல்லி, சோறு மட்டும் உண்ணவில்லை என்று முடிக்கிறார் பாட்டி. நெருக்குண்ணல், தள்ளுண்ணல் என்ற வழக்குகளில் உள்ள 'உண்' என்னும் சொல்லைக் கொண்டே பட்டினியைப் பாடியது மொழியின் மேல் இருந்த ஆட்சியைக் காட்டுகிறது.

காளமேகப் புலவர் பாடியதாக வழங்கும் நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரப் பாடலும் இவ்வகையைச் சேர்ந்தது. மாலையில் அரிசி வந்து, ஊர் உறங்கும்போது உலையேறி, விடியும் நேரத்தில் ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும் என்பது அதன் கேலி. அதையே புகழ்ச்சியாகப் பொருள் கொள்ளும் வழக்கமும் உண்டு. அரசரின் பந்தியோ அன்னசத்திரமோ, கடைசி இலையில் அமர்ந்தவரின் பக்கத்திலிருந்து பார்க்கும் பார்வை இப்பாடல்களில் தொடங்குகிறது. தற்காலச் சிறுகதை அதை வேறு தளத்துக்குக் கொண்டு சென்றது.

சிறுகதைகளில் பந்தி

தி. ஜானகிராமனின் 'பரதேசி வந்தான்' ஒரு கல்யாணப் பந்தியை மையமாகக் கொண்டது. செல்வாக்குள்ள வக்கீல் ஒருவர், தம் வீட்டுப் பந்தியில் அமர்ந்துவிட்ட பரதேசியை இலையிலிருந்து எழுப்பி விரட்டுகிறார். மீண்டும் இதே வீட்டில் உண்ண வருவேன் என்று சொல்லிப் போகிறான் பரதேசி. கல்யாண வீடு சாவு வீடாகி அந்தச் சொல் பலிக்கிறது. தஞ்சை மண்ணின் விருந்தை ரசனையோடு எழுதியவர் ஜானகிராமன். அதே கையால் அந்த விருந்தின் கொடுமையையும் எழுதியிருப்பது கதையின் வலிமை. குறையும் உண்டு. ஒருவரின் ஆணவத்துக்கு மற்றொருவரின் உயிர் விலையாவது நீதியா என்ற கேள்விக்குக் கதை விடை தருவதில்லை. சாபத்தின் வேகத்தில் அக்கேள்வி அமுங்கிவிடுகிறது.

நாஞ்சில் நாடனின் 'இடலாக்குடி ராசா'வும் பந்திக் கதையே. வெள்ளந்தியான ராசா ஊர் வீடுகளில் உண்டு திரிபவன். விருந்து ஒன்றில் விளையாட்டு என்ற பெயரில் அவமதிக்கப்பட்டு, பசியோடு எழுந்து போகிறான். இங்கே சாபம் இல்லை, தண்டனையும் இல்லை. சிரித்தவர்களுக்கு அந்தச் சிரிப்பே கசந்துபோகிறது. நாஞ்சில் நாட்டுச் சமையலை நுணுக்கமாக அறிந்து எழுதும் ஆசிரியர், பசித்தவனை எழுப்பிவிட்ட பந்தியில் எந்தக் கறியும் ருசிக்காது என்பதை உபதேசம் இல்லாமல் உணர்த்துகிறார். 'பரதேசி வந்தான்' வாசகரை நடுங்க வைக்கிறது. 'இடலாக்குடி ராசா' வெட்கப்பட வைக்கிறது. நீண்ட நாள் உடன் வருவது இரண்டாவதே.

ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பில் உள்ள 'சோற்றுக்கணக்கு' இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. திருவனந்தபுரத்தில் கெத்தேல் சாகிப் நடத்தும் உணவகத்தில் விலை கேட்பதில்லை. உண்டவர் விரும்பியதை உண்டியலில் போடலாம், போடாமலும் போகலாம். உறவினர் வீட்டில் அளந்து போட்ட சோற்றை அவமானத்தோடு உண்ட மாணவன் ஒருவன், இங்கே ஆண்டுக்கணக்கில் காசில்லாமல் உண்கிறான். வேலை கிடைத்ததும் கடனைத் தீர்க்கப் பெருந்தொகையை உண்டியலில் போடுகிறான். சாகிப் அதைக் கவனிப்பதும் இல்லை, பரிமாறுவதில் மாற்றமும் இல்லை. கொடுத்தவர் கணக்கு வைக்காதபோது வாங்கியவர் எப்படிக் கடன் தீர்ப்பது என்ற சிக்கலே கதையின் உயிர். உணர்ச்சி சில இடங்களில் உரத்து ஒலிக்கிறது. பரிமாறும் அந்தப் பெரிய கை காட்டிவிட்டதைக் கதைசொல்லி மறுபடியும் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் ஆபுத்திரன் கதை விட்ட இடத்திலிருந்து கொடையைப் பற்றிச் சிந்திக்கும் கதை இது.

ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' கதையில் உணவு உண்ணப்படுவதில்லை. ரயில் பயணத்தில் ஒரு சிறுவன், தான் ஆசையாக வைத்திருந்த ஆரஞ்சுப் பழத்தை, வீட்டு வேலைக்காகக் கல்கத்தாவுக்கு அழைத்துச் செல்லப்படும் சிறுமிக்குக் கொடுத்துவிடுகிறான். பழத்தின் சுவையைப் பற்றி ஆசிரியர் விரிவாக எழுதாமலே, தமிழ்ச் சிறுகதையில் மறக்க முடியாத பழமாக அது நின்றுவிட்டது.

செட்டிநாடும் சமையல் நூல்களும்

செட்டிநாட்டு உணவு இன்று உலகம் அறிந்த பெயர். ஆனால் அந்த அடுக்களையைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் சமையல் குறிப்புகளாகவே வந்துள்ளது. காரைக்குடியின் பங்களா விடுதிச் சமையலை வைத்து 2014இல் வெளிவந்த ஆங்கில நூல் அவ்வகையில் குறிப்பிடத்தக்கது. வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி, உக்காரை, கும்மாயம் என்று நீளும் பெயர்களுக்குப் பின்னால், பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் கடந்து கொண்டுவிற்ற ஆண்களும், பல மாதங்கள் வீட்டை நடத்திய ஆச்சிமார்களும், வீட்டு விசேஷங்களுக்குச் சமைக்க அமர்த்தப்பட்டவர்களும் இருக்கிறார்கள். கும்மாயம் என்ற சொல் மணிமேகலையிலேயே வருகிறது. பெயர் ஒன்றே என்பதால் பண்டமும் ஒன்றே எனக் கொள்ள முடியாது. இருந்தும் காப்பியச் சொல் ஒன்று ஆடி மாதத்து அடுப்பில் இன்றும் வழங்குவது வியப்புக்குரியது.

சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972), இரண்டாம் உலகப் போர்க் காலத்து மெடானையும் பினாங்கையும் களமாகக் கொண்டது. செட்டியார் கிட்டங்கிகளின் வாழ்க்கையை உள்ளிருந்து பார்த்தவர் அவர். அயல் மண்ணில் இருப்பவர்களுக்குத் தாய்நாட்டின் தெருவும் கடையும் நினைவாகத் திரும்புவதை இந்நாவல் காட்டுகிறது. கடல் கடந்து சென்றவரின் பக்கம் இவ்வாறு நாவலாகிவிட்டது. ஊரில் அடுப்பைக் காத்தவர்களின் பக்கத்தை இதே அளவு விரிவாகச் சொல்லும் நாவல் வந்தால் செட்டிநாட்டு உணவு எழுத்து முழுமை பெறும்.

சமையல் நூல்களையும் இலக்கியமாக வாசிக்க இடமுண்டு. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்தது. வீட்டில் மூத்தவர் அருகில் நின்று சொல்லிக்கொடுக்கும் பேச்சை அது அச்சுக்குக் கொண்டுவந்தது. சமைத்த பெண்ணே ஆசிரியராகவும் நின்றார் என்பது அதன் வரலாற்றுச் சிறப்பு. ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் சைவச் சமையலையே அது பதிவு செய்தது என்ற எல்லையையும் வாசகர் உணர்தல் வேண்டும். எந்த ஒரு சமையல் நூலும் தமிழர் உணவு முழுவதற்கும் பொறுப்பேற்க இயலாது.

பிற மொழிகளில்

உலக இலக்கியத்திலும் இக்கேள்விகள் உண்டு. நார்வே எழுத்தாளர் நட் ஹாம்சனின் 'பசி' (1890) நகரத்தில் பட்டினி கிடக்கும் இளம் எழுத்தாளனின் மனத்தைப் பின்தொடர்கிறது. டென்மார்க் எழுத்தாளர் ஐசக் டினேசனின் 'பெபெட்டின் விருந்து' கதையில், சமையல்காரி ஒருத்தி பரிசுச்சீட்டில் விழுந்த பணம் முழுவதையும் ஒரே விருந்துக்குச் செலவிடுகிறாள். உண்பவர்களோ உணவைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று முடிவெடுத்தவர்கள். பாராட்டு இல்லாமல் சமைத்த பெபெட்டையும், ஒரே சொல்லால் முகம் மலர்ந்த குறுந்தொகைப் பெண்ணையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

மதிப்பீடு

மேற்கண்ட நூல்களை ஒருங்கே நோக்கினால், தமிழில் உணவைச் சிறப்பாக எழுதியவர்கள் பசியை மறக்காதவர்கள் என்பது தெரிகிறது. சிறுபாணாற்றுப்படையின் கீரையும் ஔவையாரின் வரகரிசிச் சோறும் பொற்கலத்து விருந்துகளுக்குச் சமமாக நிலைத்திருப்பது இதனால்தான். இன்று உணவைப் பற்றிய எழுத்து பெருகியுள்ளது. ஊர்ப் பெருமையும் பழம்பெருமையும் பண்டத்தின் பெயரோடு சேர்ந்து விற்பனையாகின்றன. அவற்றை வாசிப்பதில் தவறில்லை, நாவில் நீர் ஊறுவதும் வாசிப்பின் இன்பமே. ஆனால் அடுப்பின் முன் நின்றவரையும் வாசலில் நின்றவரையும் விட்டுவிட்ட உணவு எழுத்து, எவ்வளவு மணமாக இருந்தாலும் விரைவில் மறக்கப்படும்.

மாணவர்கள் இவ்வகை நூல்களைத் தொடங்கக் குறுந்தொகைப் பாடலும் 'சிலிர்ப்பு' கதையும் ஏற்றவை. இரண்டும் சிறியவை, ஒரே அமர்வில் வாசிக்கக்கூடியவை. அடுத்து மணிமேகலையின் ஆபுத்திரன் பகுதியை உரையோடு படித்து, 'சோற்றுக்கணக்கு' கதையோடு ஒப்பிடலாம். பந்தியைப் பற்றிய மூன்று படைப்புகளையும், அதாவது ஔவையாரின் பாண்டியன் வீட்டுப் பாடலையும் இரு சிறுகதைகளையும், ஒன்றாக எடுத்துக்கொண்டால் ஒரு வகுப்பில் விவாதிக்கப் போதிய பொருள் கிடைக்கும்.